மக்காச்சோளக் கதிர் ஏந்திய பெண்

2019இன் தொடக்கத்திலிருந்து 2022இன் நடுப்பகுதி வரை மெக்சிகோ நகரத்தின் சான் ரஃபாயேல் பகுதியில் குடியிருந்தேன். மென்பொருள் வேலை. பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஒரு கல் சதுக்கம் இருந்தது. அதன் நடுவில் அன்னையர் நினைவுச் சின்னம். 1949ஆம் ஆண்டு மே 10 அன்று, மிகேல் அலெமான் குடியரசுத் தலைவராக இருந்தபோது திறக்கப்பட்டது. குழந்தையை அணைத்து நிற்கும் தாய் நடுவில் உயரமாக நிற்கிறாள். அவளுக்கு இரு பக்கமும் வேறு இரண்டு உருவங்கள் உண்டு: ஒன்று எழுதிக்கொண்டிருக்கும் ஆண், மற்றொன்று மக்காச்சோளக் கதிர் ஏந்திய பெண். "நம்மை அறியும் முன்பே நம்மை நேசித்தவளுக்கு" என்ற வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. 2017 செப்டம்பர் 19ஆம் நாள் நிலநடுக்கத்தில் தாயின் சிலை விழுந்து உடைந்தது. மறு ஆண்டு சீரமைத்து மீண்டும் நிறுத்தினார்கள். ஆகவே நான் நாள்தோறும் கடந்து சென்றது ஒட்டவைக்கப்பட்ட ஒரு தாயை.

ஆணின் கையில் எழுத்தும் பெண்ணின் கையில் கதிரும் இருப்பதை ஏறக்குறைய ஓராண்டு நான் கவனிக்கவே இல்லை. கவனிக்க வைத்தவர் எங்கள் வீட்டுக்கார அம்மையார். மெக்சிகோவில் மூத்த பெண்களின் பெயருக்கு முன்னால் 'தோன்யா' என்று சேர்த்து மரியாதையாக அழைப்பார்கள். அவருடைய பெயரை விட்டுவிட்டு இங்கே தோன்யா என்றே எழுதுகிறேன். அவர் என்னை 'மிஹா' என்பார்; 'என் மகளே' என்பதன் சுருக்கம் அது. காய்கறிக்காரி முதல் மருத்துவர் வரை வயதில் இளைய எல்லாப் பெண்களும் அவருக்கு மிஹாதான். அன்று சந்தையிலிருந்து இருவரும் பையைச் சுமந்துகொண்டு திரும்பும்போது, சதுக்கத்தில் சற்று உட்கார்ந்தோம். அவர் அந்தக் கதிர் ஏந்திய உருவத்தைக் கையால் காட்டி, "அதை அரைப்பது யார் என்று செதுக்கவில்லை பார்" என்றார்.

தோன்யா புவேப்லா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1952இல் பிறந்தவர். அவருடைய தாயின் மெத்தாத்தே இன்றும் அவர் வீட்டு முற்றத்தில் கிடக்கிறது. மெத்தாத்தே என்பது எரிமலைக் கல்லில் வெட்டிய அம்மி. மூன்று குட்டைக் கால்கள் இருக்கும், மேற்பரப்பு ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். நம் அம்மியில் சம்மணமிட்டோ பலகை போட்டோ உட்கார்ந்து அரைக்கலாம். மெத்தாத்தேயின் முன் மண்டியிட்டு, உடலின் முழுப் பாரத்தையும் தோளிலிருந்து கைக்கு இறக்கித்தான் அரைக்க முடியும். பல ஊர்களில் மணப்பெண்ணுக்குக் கிடைக்கும் சீர்ப்பொருள்களில் இந்தக் கல்லும் ஒன்றாக இருந்தது.

அரைப்பதற்கு முந்தைய வேலையும் உண்டு. மக்காச்சோளத்தை முதல் நாள் மாலையில் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் கழுவித் தோலைத் தேய்த்து எடுக்க வேண்டும். இப்படிப் பதப்படுத்திய சோளத்துக்கு நிஸ்தமால் என்று பெயர். சுண்ணாம்பு சேர்ப்பதால் தோல் இளகுவதோடு, தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தும் உடலுக்குக் கிடைக்கும் வடிவத்துக்கு வருகிறது. மக்காச்சோளத்தை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், இந்தப் பெண்களின் செய்முறையை விட்டுச் சென்ற ஐரோப்பியர்களிடையே, அதையே முதன்மை உணவாக உண்ட வட இத்தாலிய ஏழைகள் பெல்லாக்ரா என்ற நோயால் தோல் வெடித்தும் அறிவு கலங்கியும் இறந்தார்கள். மெக்சிகோச் சமையலறையில் பல நூற்றாண்டுகளாகக் கையிலிருந்து கைக்கு மாறிவந்த அறிவை உலகம் அறிவு என்று ஒப்புக்கொள்ள இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரைத்த மாவு ஒரு நாளைக்குமேல் தாங்காது, புளித்துவிடும். ஆகவே நாள்தோறும் அரைக்க வேண்டும். ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்குத் தேவையான தோர்த்தியாவுக்கு, அதாவது அந்த மாவில் தட்டிக் கல்லில் சுடும் மெல்லிய அடைக்கு, நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை மெத்தாத்தேயின் முன் மண்டியிட வேண்டியிருந்தது. தோன்யாவின் தாய் அதிகாலை மூன்று மணிக்கு எழுவார். ஏழு வயதில் தோன்யாவுக்கும் ஒரு சிறிய கல் கொடுக்கப்பட்டது. தம் தாயின் முகத்தை நினைக்கும்போது தமக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய முழங்காலில் காய்த்திருந்த தோல்தான் என்று அவர் ஒருமுறை சொன்னார்.

இந்தச் சுமையை இறக்கியது நிஸ்தமால் ஆலை. நகரங்களில் முன்பே வந்துவிட்ட அந்த இயந்திரம் 1920களிலும் 30களிலும் கிராமங்களுக்குப் பரவத் தொடங்கியபோது பல இடங்களில் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஆலையில் அரைத்த மாவு சுவைக்காது என்றார்கள். வேலை குறைந்தால் பெண்கள் சோம்பிப்போவார்கள், வரிசையில் நின்று வம்பளப்பார்கள், கெட்டுப்போவார்கள் என்றார்கள். மொரேலோஸ் மாநிலத்தின் தெபோஸ்த்லான் ஊரில் 1920களில் தொடங்கிய முதல் ஆலை இப்படிப்பட்ட எதிர்ப்பால் நொடித்துப்போனது. பின்னர் வந்த ஆலை நிலைத்தது. அதை ஊரார் 'ஆண்களின் அதிகாரத்துக்கு எதிராகப் பெண்கள் செய்த புரட்சி' என்று குறிப்பிட்டதாக அங்கே ஆய்வு செய்த மானிடவியலாளர் ஆஸ்கர் லூயிஸ் பதிவு செய்திருக்கிறார். நாடு பத்தாண்டுக் காலம் துப்பாக்கியேந்தி நடத்திய புரட்சி முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அந்தப் புரட்சியில் சமைத்துக்கொண்டும் சுமந்துகொண்டும் சிலவேளை சுட்டுக்கொண்டும் படைகளோடு நடந்த பெண்களைப் பற்றி நாட்டுப்பாடல்கள் நிறைய உண்டு. மாவு ஆலையைப் பற்றிப் பாடல் எதையும் நான் கேட்டதில்லை. 1930களில் குடியரசுத் தலைவர் லாசரோ கார்தெனாஸின் அரசு ஊர்ப் பெண்கள் சங்கங்களுக்கு ஆலைகளை வழங்கியபோது, அவற்றைப் பெறவும் நடத்தவும் பெண்கள் மனு எழுதினார்கள், கூட்டம் கூட்டினார்கள், கணக்கு வைத்துக்கொண்டார்கள். என் பார்வையில் மெக்சிகோக் குடும்பத்தில் பெண்ணின் நாளைத் திருத்தி எழுதியதில் வாக்குரிமைக்கு முன்பாக வைக்க வேண்டியது அந்த இயந்திரத்தைத்தான்.

தோன்யாவின் ஊருக்கு ஆலை வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. மிச்சமான நேரத்தில்தான் பள்ளிக்குப் போனேன் என்பார்.

நான் அங்கே கண்ட முதல் மே 10, 2019ஆம் ஆண்டினுடையது. மெக்சிகோவில் அன்னையர் நாள் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளப்படுவதில்லை. எந்தக் கிழமையானாலும் மே 10தான். விடியுமுன்பே தெருவில் மரியாச்சி இசைக் குழுவின் எக்காளம் கேட்டது. பள்ளிகளில் குழந்தைகள் ஆடிக் காட்டினார்கள். அலுவலகத்தில் தாய்மார்களை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாலையில் வீடு திரும்பியபோது தோன்யாவின் இரண்டு மகன்களும் மகளும் பேரக்குழந்தைகளும் உறவினருமாகப் பதினான்கு பேர் கூடியிருந்தார்கள். ரோஜாக்கள், கேக், பரிசாக ஒரு புதிய மிக்ஸி. தோன்யா அடுப்படியில் இருந்தார். தம்மைக் கொண்டாட வந்த பதினான்கு பேருக்கும் இரண்டு நாள்களாக மோலே குழம்பு கூட்டிக்கொண்டிருந்தவர் அவரேதான். உலர்மிளகாயும் எள்ளும் பாதாமும் சாக்லேட்டும் வறுத்தரைத்துச் செய்யும் அந்தக் குழம்பைக் கடையில் வாங்கிவிடலாமே என்று மூத்த மகன் ஆண்டுதோறும் சொல்வாராம். ஆண்டுதோறும் சொல்வதோடு சரி.

இந்த நாளின் பிறப்பைப் பற்றி அதன்பின்தான் படிக்கத் தொடங்கினேன். 1916 சனவரியில் யுகத்தான் மாநிலத் தலைநகரான மெரிதாவில், ஆளுநர் சால்வதோர் அல்வராதோவின் அழைப்பில் மெக்சிகோவின் முதல் பெண்ணிய மாநாடு கூடியது. பெரும்பாலும் ஆசிரியைகளான நூற்றுக்கணக்கான பெண்கள் நாடக அரங்கொன்றில் உட்கார்ந்து கல்வி, வேலை, வாக்குரிமை பற்றி விவாதித்தார்கள். பெண்ணியவாதி எர்மிலா கலிந்தோ அனுப்பிய கட்டுரை, பெண்ணுக்கும் உடல் வேட்கை உண்டு என்று சொன்னதற்காக அரங்கில் பெரும் கூச்சலை எழுப்பியது. 1922இல் அதே யுகத்தானில் ஃபெலிபே கரீயோ புவேர்த்தோ ஆளுநரானார். அவருடைய சகோதரி எல்வியா பெண்கள் சங்கங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். கருத்தடை முறைகளைப் பற்றி அமெரிக்கச் செயற்பாட்டாளர் மார்கரெட் சாங்கர் எழுதிய சிறு வெளியீடு ஸ்பானிய மொழியில் அங்கே பரவலாக வழங்கப்பட்டது. பத்திரிகைகள் கொதித்தன. அந்த ஆண்டு ஏப்ரல் 13 அன்று, தலைநகரிலிருந்து வெளிவந்த எக்செல்சியோர் நாளிதழில் அதன் நிறுவனர் ரஃபாயேல் அல்துசின், மே 10ஆம் நாளைத் தாய்மார்களுக்கு உரியதாக்குவோம் என்று அழைப்பு விடுத்தார். கல்வி அமைச்சர் ஹோசே வாஸ்கொன்செலோஸ் ஆதரவு தந்தார். பேராயரும் ஆசி வழங்கினார். புரட்சிக்குப் பின் அரசும் திருச்சபையும் ஒரே மேசையில் உட்கார்ந்த விஷயங்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

இரண்டும் ஒரே இளவேனிலில் நடந்தது தற்செயல் அல்ல என்று மெக்சிகோவின் பெண்ணிய ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். எத்தனை பிள்ளை வேண்டும் என்பதைப் பெண் முடிவு செய்யலாம் என்ற பேச்சுக்கு நாட்டின் மற்றப் பகுதி கொடுத்த மறுமொழி, பூச்செண்டாக வந்து சேர்ந்தது. 1924 சனவரி 3 அன்று ஃபெலிபே சுட்டுக் கொல்லப்பட்டார். மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த எல்வியா ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. மே 10 மட்டும் நிலைத்தது. நினைவுச் சின்னத்தின் வாசகத்துக்குக் கீழே "ஏனெனில் அவளுடைய தாய்மை அவளே விரும்பி ஏற்றது" என்ற பலகையைப் பெண்கள் இயக்கத்தினர் பின்னாளில் பதித்தார்கள். பழைய வாசகமும் புதிய பலகையும் சேர்ந்து இப்போது ஒரே வாக்கியம்போல வாசிக்கக் கிடைக்கின்றன. 1922இல் தொடங்கிய வாதத்தின் இரு தரப்பையும் ஒரே கல்லில் அப்படிப் படித்துவிடலாம்.

வெளிநாட்டவர் மெக்சிகோப் பெண்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதல் நிமிடத்திலேயே 'மச்சிஸ்மோ' என்ற சொல்லை எடுத்துவிடுவார்கள். அதை நான் நம்புவதில்லை. ஆணாதிக்கத்தை மீசைக்கும் குடிக்கும் குதிரைக்கும் உரிய ஒரு குணமாக்கி, சட்டப் புத்தகத்தை மறைத்துவிடுகிறது அந்தச் சொல். தோன்யா 1973இல் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது, பதிவாளர் ஒரு தாளைக் கையில் எடுத்து வாசித்தார். மெல்ச்சோர் ஒகாம்போவின் மடல் என்று அதற்குப் பெயர். 1859 ஜூலை 23 அன்று பெனித்தோ ஹுவாரெஸின் அரசு, திருமணத்தைத் திருச்சபையின் கையிலிருந்து பிடுங்கி அரசுப் பதிவாக்கிய சட்டத்தின் 15ஆம் பிரிவு அது. காலத்துக்கு மிக முற்போக்கான சட்டம். அதன் உள்ளே இப்படி இருந்தது: ஆணின் தலையாய கொடைகள் வீரமும் வலிமையும், அவன் பெண்ணுக்குப் பாதுகாப்பும் உணவும் வழிகாட்டலும் தர வேண்டும். பெண்ணின் தலையாய கொடைகள் தன்னல மறுப்பு, அழகு, இரக்கம், கூர்மதி, கனிவு. அவள் கணவனுக்குக் கீழ்ப்படிதலும் இன்பமும் உதவியும் ஆறுதலும் ஆலோசனையும் தர வேண்டும், அவனிடத்தில் உள்ள முரட்டுத்தனமும் எரிச்சலும் கடுமையும் கொண்ட பகுதியைச் சீண்டிவிடாத நயத்தோடு நடந்துகொள்ள வேண்டும்.

அந்தக் கடைசி வரியை தோன்யா மனப்பாடமாகச் சொல்வார். "அரசாங்கமே எச்சரித்திருக்கிறது, நான்தான் சரியாகக் கேட்கவில்லை" என்று சிரிப்பார். கணவர் எப்போதோ வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு போய்விட்டவர். மடலை எழுதிய ஒகாம்போவோ மகள்களைப் பெற்றவர், ஆனால் திருமணமே செய்துகொள்ளாதவர் என்று நான் சொன்னபோது அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்தார். அந்த மடல் பதிவு அலுவலகங்களில் இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை வாசிக்கப்பட்டது. சட்டத்தின் பிற வரிகள் சற்று முன்னே மாறின. தலைநகரப் பகுதிக்கான 1928ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டம் வீட்டு நிர்வாகத்தை மனைவியின் பொறுப்பாக்கி, அந்தப் பணிக்குக் குந்தகம் வராவிட்டால் மட்டும் அவள் வெளியே வேலை செய்யலாம் என்றும், கணவன் தகுந்த காரணம் காட்டித் தடுக்கலாம் என்றும் சொன்னது. 1974இன் இறுதியில், உலகப் பெண்கள் மாநாட்டை 1975இல் மெக்சிகோ நகரமே நடத்தவிருந்த அவசரத்தில், ஆணும் பெண்ணும் சட்டத்தின் முன் சமம் என்று அரசியலமைப்பில் எழுதி, இந்தப் பிரிவுகளையும் நீக்கினார்கள். விருந்தினர் வருமுன் வீட்டைப் பெருக்குவது போன்ற வேலைதான், ஆனாலும் நடந்தது. வாக்குரிமை 1953 அக்டோபர் 17 அன்றே முழுமையாகக் கிடைத்திருந்தது. வாக்களிக்கலாம், வேலைக்குப் போகக் கணவனின் மறுப்பைத் தாண்ட வேண்டும் என்ற நிலையில் இருபது ஆண்டுகளுக்குமேல் கழிந்தன.

தோன்யாவின் தாய் பெற்றது ஒன்பது பிள்ளைகள். தோன்யா பெற்றது மூன்று. மகளுக்கு ஒரே மகன். நாட்டின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1970 வாக்கில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏழு பிள்ளைகளை நெருங்கியிருந்த பிறப்பு விகிதம் இன்று இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. "சிறிய குடும்பம் சிறப்பாக வாழும்" என்று 1970களில் வானொலியில் ஒலித்த அரசு விளம்பரத்தை அவர் ராகத்தோடு பாடிக் காட்டுவார்.

பிள்ளைகள் குறைந்தார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எங்கே போனது என்று கேட்டால், பாட்டியிடம் போனது என்றுதான் சொல்ல வேண்டும். மகள் கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தார், கணவரைப் பிரிந்தவர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 33 வீடுகளில் குடும்பத் தலைவராகக் குறிக்கப்பட்டவர் பெண். அவற்றில் ஒன்று அவருடையது. மூன்று வயது மகனை அரசு உதவி பெறும் குழந்தைக் காப்பகம் ஒன்றில் விட்டுவந்தார். 2019இல் புதிய அரசு காப்பகங்களுக்கு நேரடியாகத் தந்த உதவியை நிறுத்தி, அதற்குப் பதிலாக இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை 1,600 பேசோவைப் பெற்றோருக்கே தருவதாக அறிவித்தது. அந்தப் பணத்தைக் கொண்டு தாத்தா பாட்டியரே பார்த்துக்கொள்ளலாமே என்று அப்போதைய நிதியமைச்சர் சொன்னது பெரிய விவாதமானது. மகள் விட்டுவந்த காப்பகம் சில மாதங்களில் மூடப்பட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பேரன் முதுகுப்பையோடு தோன்யாவின் வாசலில் நின்றான். அதுவரை வாரம் இருமுறை அவர் போய்வந்த நடன வகுப்பு அன்றோடு முடிந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கப்பட வேண்டியது என்று எண்ணவில்லை.

சட்டமும் அப்படித்தான் எண்ணியது. சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் காப்பகங்களில் பிள்ளையைச் சேர்க்கும் உரிமை 2020 வரை வேலை செய்யும் தாய்க்கே இயல்பாகக் கிடைத்தது. தந்தைக்கு வேண்டுமானால் அவர் மனைவியை இழந்தவராகவோ, மணமுறிவுக்குப் பின் பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். மனைவியோடு வாழும் ஆணுக்குக் காப்பகம் எதற்கு என்பது அதன் உட்பொருள். நாட்டின் புள்ளியியல் நிறுவனம் ஆண்டுதோறும் ஊதியமில்லாத வீட்டு வேலையையும் பராமரிப்பையும் பணமதிப்பில் கணக்கிட்டு வெளியிடுகிறது. அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு; தொழிற்சாலைகளின் பங்களிப்பைவிடக் கூடுதல்; அதில் 70 விழுக்காட்டுக்குமேல் பெண்கள் செய்வது. கணக்கிடத் தெரிந்த அரசு என்பதில் எனக்கு மதிப்பு உண்டு. கணக்கிட்ட பிறகு என்ன செய்தது என்பது வேறு கேள்வி.

ஸ்பானிய மொழி கற்றுக்கொள்ளும்போது ஒரு விந்தையைக் கண்டேன். மெக்சிகோவில் ஒன்று மிக நன்றாக இருந்தால் 'தந்தை' என்பதற்கான சொல்லையே சொல்லி "எவ்வளவு பாத்ரே" என்று வியப்பார்கள். 'தாய்' என்பதற்கான மாத்ரே என்ற சொல்லோ, மதிப்பற்றது, பலத்த அடி, பெருங்குழப்பம் ஆகிய பொருள்களிலெல்லாம் வழக்கில் புழங்குகிறது. 'எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை' என்பதைச் சொல்லவும் மாத்ரே வேண்டும். ஆண்டின் ஒரு நாள் எக்காளம் ஊதி வணங்கப்படுபவள் மற்ற நாள்களில் வசைக்குள் இருக்கிறாள். இதை அலுவலகத்தில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள்; ஒருவர் மட்டும், அதே சொல்லில் 'பிரமாதம்' என்ற பொருளும் உண்டு என்று எடுத்துக்காட்டினார். உண்மைதான், உண்டு.

2020 மார்ச் 9 அன்று நாடெங்கும் பெண்கள் ஒரு நாள் இல்லாமற்போனார்கள். பெண் கொலைகளைக் கண்டித்து, வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் போகாமல், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்டுவது அந்த வேலைநிறுத்தத்தின் நோக்கம். நானும் போகவில்லை. வங்கிகளில் முகப்புகள் காலியாக இருந்தன. மெட்ரோ நிலையங்களில் பயணச்சீட்டு விற்பவர்கள் இல்லை. தோன்யா வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து அவரையை வேகவைத்தார். "இன்று நீங்களும் ஓய்வெடுக்க வேண்டும்" என்றேன். "சரி, அப்படியானால் பையனுக்குப் பசிக்கக் கூடாது என்று நீ சொல்லிவிடு" என்றார். சில வாரங்களில் பெருந்தொற்று வந்தது. அந்த ஆண்டு மே 10 நெருங்கியபோது, கூட்டம் கூடாமலிருக்கக் கொண்டாட்டத்தை ஜூலை 10க்குத் தள்ளிவைக்கும்படி நகரத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த கிளவுதியா ஷெயின்பாம் கேட்டுக்கொண்டார். அன்னையர் நாளைத் தள்ளிவைக்கலாம் என்று ஒருவர் சொல்லக் கேட்டதே தோன்யாவுக்கு அதிர்ச்சியாக இருந்தது.

2022 மே 10, நான் அங்கே இருந்த கடைசி அன்னையர் நாள். அன்று சதுக்கத்தில் ரோஜா விற்பவர்களுக்கு நடுவே வேறொரு கூட்டம் கூடியிருந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள். 2012 முதல் ஒவ்வொரு மே 10லும் இவர்கள் தலைநகரில் பேரணி நடத்துகிறார்கள். மகன் அல்லது மகளின் முகம் அச்சிட்ட சட்டை, கீழே பெயர், காணாமற்போன தேதி. "மே 10 விழா நாள் அல்ல, போராட்டத்தின் நாள்" என்பது அவர்களுடைய முழக்கம். சில நாள்களில், அரசுப் பதிவேட்டில் காணாமற்போனோர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்தது.

இந்தத் தாய்மார்களுக்கு முன்னோடி ரொசாரியோ இபார்ரா. மொந்தெர்ரே நகரத்தில் மருத்துவரின் மனைவியாக, நான்கு பிள்ளைகளின் தாயாக வாழ்ந்துவந்தவர். இடதுசாரி ஆயுதக் குழு ஒன்றோடு தொடர்புடையவர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட அவருடைய மகன் ஹெசூஸ், 1975இல் காவல்துறையால் பிடித்துச் செல்லப்பட்டபின் காணாமற்போனார். ரொசாரியோ தலைநகருக்கு வந்து, தம்மைப்போன்ற தாய்மார்களைத் திரட்டி, 1977இல் யுரேகா குழுவாக வளர்ந்த அமைப்பைத் தொடங்கினார். 1978 ஆகஸ்ட் 28 அன்று தலைநகரப் பேராலயத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அடுத்த மாதம் அரசியல் கைதிகளுக்கான பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. "உயிரோடு கொண்டுபோனார்கள், உயிரோடு வேண்டும்" என்ற முழக்கம் இன்றும் ஒலிக்கிறது. 1982இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். மெக்சிகோவில் அப்படி நின்ற முதல் பெண் அவரே. 2019இல் செனட் சபை அதன் மிக உயர்ந்த பதக்கத்தை வழங்கியபோது, அதை வைத்துக்கொள்ள மறுத்து, உண்மையைக் கண்டறிந்து திருப்பித் தரும்வரை பாதுகாத்து வைக்கும்படி குடியரசுத் தலைவரிடமே ஒப்படைத்தார். 2022 ஏப்ரல் 16 அன்று மகனைப் பற்றிய செய்தி எதுவும் அறியாமலே காலமானார். அடுத்த மாதப் பேரணியில் அவருடைய படமும் இருந்தது.

அன்று என்னோடு நடந்த பெண்ணொருவர் தம் கையிலிருந்த இரும்புக் கம்பியை எனக்கு விளக்கினார். T வடிவக் கைப்பிடி உள்ள அந்தக் கம்பியைச் சந்தேகத்துக்குரிய நிலத்தில் அடித்து இறக்கி, உருவியெடுத்து, நுனியை முகர்ந்து பார்ப்பார்கள். மண்ணுக்கடியில் உடல் இருந்தால் வாடையில் தெரியும். அதிகாரிகள் தேடாததால் இவர்களே கற்றுக்கொண்ட வித்தை. சுண்ணாம்பின் பதத்தை விரலால் அறிந்த நாட்டில் இப்படியும் ஒரு கைப்பழக்கம் சேர்ந்துவிட்டது. தன்னல மறுப்பையும் கனிவையும் தாயின் இலக்கணமாக எழுதிவைத்தவர்கள், அந்தத் தாய் ஒரு நாள் அதே கனிவைத் தூக்கிக்கொண்டு அமைச்சகத்தின் வாசலில் நிற்பாள் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். நிற்பது ஆபத்தும்கூட. தமவுலிபாஸ் மாநிலத்தின் சான் ஃபெர்னாந்தோவில், தம் மகளைக் கொன்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் காவல்துறையிடம் கொடுத்த மிரியம் ரொத்ரீகெஸ், 2017ஆம் ஆண்டு மே 10 அன்றே தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பேரணியிலிருந்து நான் திரும்பியபோது தோன்யாவின் வீட்டில் மோலே கொதித்துக்கொண்டிருந்தது. எங்கே போயிருந்தேன் என்று சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் ஒரு பாத்திரத்தில் குழம்பும் துணியில் சுற்றிய தோர்த்தியாவும் எடுத்துக்கொடுத்து, "இன்னும் அங்கே யாராவது உட்கார்ந்திருப்பார்கள்" என்றார். இருந்தார்கள்.

நான் நாடு திரும்பியபின் 2024இல் கிளவுதியா ஷெயின்பாம் மெக்சிகோவின் முதல் பெண் குடியரசுத் தலைவரானார். எதிர்த்து நின்ற முதன்மை வேட்பாளரும் பெண்தான். "நான் தனியாக வரவில்லை, நாம் எல்லாரும் வந்திருக்கிறோம்" என்று அவர் சொன்னதைத் தொலைக்காட்சியில் பார்த்து மகள் அழுததாகவும், தமக்கு அழுகை வரவில்லை என்றும் தோன்யா தொலைபேசியில் சொன்னார். புதிய அரசு 60 முதல் 64 வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை 3,000 பேசோ ஓய்வூதியம் அறிவித்தது. வாழ்நாள் முழுவதும் வீட்டில் செய்த, எவரும் கணக்கில் வைக்காத வேலைக்கு ஓர் ஒப்புகை என்று அதற்கு விளக்கம் தந்தது. 65 வயதைக் கடந்த தோன்யாவுக்கு எல்லா முதியோருக்கும் உரிய ஓய்வூதியம் முன்பே வந்துகொண்டிருந்தது. அவருடைய கடைசித் தங்கைக்கு 2025இல் 63 வயது. ஊரிலேயே இருப்பவர், இன்றும் நாள்தோறும் வாளியில் நிஸ்தமாலை எடுத்துக்கொண்டு ஆலை வரிசையில் நிற்பவர். அவருக்கு வங்கி அட்டை வந்ததாம். அட்டையைத் தந்த இளைஞனிடம், "இது எந்த ஆண்டுக்கானது?" என்று தங்கை கேட்டிருக்கிறார். அவன் விழித்திருக்கிறான். "ஏழு வயதிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறீர்களா, இல்லை இந்த ஆண்டு அரைத்ததற்கு மட்டுமா என்று கேட்டேன்" என்றாராம்.

தோன்யா இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு, பேரன் பள்ளியிலிருந்து வரும் நேரமாகிவிட்டது என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.